காங்கேசன்துறைக்கு வருகிற கப்பலும் காட்டப்படாத வேலியும்

எங்கட வீட்டில் 'கப்பல்' எண்டால் உல்லாசம் எண்ட அர்த்தம் ஒருநாளும் இருந்ததில்லை. 1983 யூலையில் கொழும்பில் வீடுவாசல் இழந்து அகதியாகக் கிடந்த சனத்தை 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பல் கொண்டுவந்து இறக்கியது காங்கேசன்துறையில்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட வேணுமெண்டால் ஆமியிடம் கிளியரன்ஸ் எடுத்து, நாட்கணக்கில் காத்திருந்து, திருகோணமலைக்குக் கப்பல் ஏறவேணும். 2009இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்ட ஆக்களை ஏற்றிப்போனதும் ஒரு கப்பல்தான்: சர்வதேச செஞ்சிலுவைக் குழு வாடகைக்கு எடுத்த 'கிறீன் ஓசன்'.

இப்ப வேறு மாதிரியான கப்பல் வருகிறது. 2023 யூன் 16ஆம் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை எல்லாம் சுற்றிக் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தது. புதிய பயணிகள் முனையமும் அன்றைக்கே திறந்துவைக்கப்பட்டது. வரட்டும். கப்பல் வருவதில் எங்களுக்குக் கோபம் இல்லை. கோபம், அந்தப் பயணத்துக்கு மேல் ஒட்டப்படுகிற 'வரலாறு, பண்பாடு, அறிவு' என்ற லேபிளில்தான்.

கல்விக் கப்பல் பயணம் என்பது உலகத்தில் ஒரு தனி வியாபாரம். பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற இராஜதந்திரிகள், பத்திரிகையாளர்கள் கப்பலிலேயே கூட வருவார்கள். காலையில் அந்தப் பிராந்தியத்தின் அரசியல் பற்றி விரிவுரை, பகலில் கரையிறங்கி ஒரு கோட்டை, இரவில் விருந்து. யோசனை கெட்டதில்லை. பிரித்தானியாவின் 'உகண்டா' கப்பல் 1960களின் கடைசியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியது. உள்ளேயே வகுப்பறைகளும் இருந்தன. 1982இல் போக்லண்ட் போர் வந்தவுடன் பிள்ளைகளை இத்தாலியின் நேப்பிள்சில் இறக்கிவிட்டு, அதே கப்பலை ஆஸ்பத்திரிக் கப்பலாக்கினார்கள். அரசியலைத் தள்ளி நின்று பார்த்துப் படிக்கலாம் என்று போன கப்பலையே அரசியல் வந்து பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

எங்கட கரையில் அப்படி ஒரு பாடம் கிடைக்குமா? காலையில் இறங்கி பின்னேரம் ஏறுகிற ஒருவருக்கு என்ன காட்டலாம்? கோட்டை, நல்லூர், நூலகம், கீரிமலைக் கேணி. இது நுனிப்புல் மேய்தல். அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. 1981இல் நூலகம் 'எரிந்தது' என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். 'எரித்தார்கள்' என்று சொன்னால், ஆர் எரித்தது என்ற அடுத்த கேள்வி வரும். ஒரு வினைச்சொல்லில் ஒரு அரசாங்கமே தப்பிவிடுகிறது.

உண்மையில் பாடம் படிக்க அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. துறைமுகத்தின் வாசலிலேயே கிடக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. அதே ஆண்டோடு சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றுபோனது. கோயில், பள்ளிக்கூடம், வீடு, தோட்டம் எல்லாம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போர் முடிந்து நாலு வருசத்துக்குப் பிறகும், 2013இல், 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். சனம் நீதிமன்றத்துக்குப் போனது, வீதிக்கு இறங்கியது. 2015க்குப் பிறகு பெருமளவு காணி விடுபட்டது உண்மை. எல்லாம் விடுபடவில்லை என்பதும் உண்மை. கிட்டத்தில் தையிட்டியில் தங்கட காணியில் விகாரை கட்டியிருக்கிறார்கள் எண்டு, உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு உரிமையாளர்கள் போயா நாட்களில் போராடுகிறார்கள். ஒரு பிராந்தியத்தின் அரசியலையும் பண்பாட்டையும் வரலாற்றையும் ஒரே இடத்தில் படிக்க இதைவிட நல்ல வகுப்பறை எங்கே இருக்கு?

"சுற்றுலா வந்தால் ஊருக்குக் காசு வருமே, ஏன் குழப்புறியள்?" என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஓட்டோ ஓடுகிற அண்ணாவுக்கும் பனங்கட்டி விற்கிற அக்காவுக்கும் நாலு காசு வந்தால் எங்களுக்கும் சந்தோசம். ஆனால் கப்பல் பயணியின் சாப்பாடும் கப்பலில், நித்திரையும் கப்பலில். ஊரில் ஒரு இரவு தங்காதவர் ஊருக்கு விட்டுப்போகிறது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக எங்கட கதையை அரைவாசியாக வெட்டிக் கொடுக்கவேணுமா?

எங்களையும் விடக்கூடாது. காங்கேசன்துறையில் இராணுவம் நடத்துகிற தல்செவன விடுதிக்குப் போய், கடலைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்துப் போடுகிறது ஆர்? நாங்கள்தான். இந்த நிலம் ஆருடையது எண்டு கேட்காமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். சொந்த ஊரிலேயே நாங்கள் உல்லாசப் பயணிகளாகிவிட்டு, வெளியால வாறவரிடம் மட்டும் பொறுப்பை எதிர்பார்க்க ஏலாது.

ஆகவே, கப்பலைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. வரலாற்றை விற்கிறதெண்டால் முழுசா விற்கச் சொல்கிறோம். கப்பலில் வருகிற விரிவுரையாளரோடு, இடம்பெயர்ந்து முகாமில் வளர்ந்த ஒருவரையும் கதைக்கக் கூப்பிடுங்கள். அவருக்கும் அதே சம்பளம் குடுங்கள். கோட்டைக்குப் போகிற பஸ்ஸை முள்ளுக்கம்பி வேலியடியில் பத்து நிமிசம் நிப்பாட்டுங்கள். அங்கே ஒரு அம்மா தன்ட வளவு எந்தப் பக்கம் எண்டு கையைக் காட்டுவா. மொழிபெயர்ப்பாளர் கூடத் தேவைப்படாது.

அந்தப் பத்து நிமிசத்துக்கு அனுமதி கிடைக்காது எண்டு சொல்கிறீர்களா? அப்ப, ஏன் கிடைக்காது எண்டதிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.