காசு குடுத்துக் காம்ப் போன கதை

 

ஒருவழியாகக் குளிர் வந்து சேர்ந்துவிட்டது. நான் குளிர் என்று சொன்னதும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிற எங்கடை சொந்தக்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி மட்டும் வெளிவெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிற நாடு இது. இங்கே ஜனவரி விடியற்காலையில் பதினான்கு பாகை வந்தால் அது எங்களுக்குக் குளிர்தான். எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் இப்போது பாதிப் பேர் காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஏசியைப் போடு என்று சாரதியோடு சண்டை பிடித்த அதே ஆட்கள், இப்போது ஏசியை நிற்பாட்டு என்று சண்டை பிடிக்கிறார்கள். சாரதிக்கு மட்டும் வருசம் முழுக்கச் சண்டை.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே வருசம் தலைகீழானது. குளிர் நாட்டில் இருப்பவர்கள் குளிர் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். நாங்கள் வெயில் காலத்தில் அடைந்து கிடந்துவிட்டுக் குளிருக்குத்தான் வெளியே வருகிறோம். ஆகவே விழாக்கள், களியாட்டங்கள், கடைத்தெருக் கொண்டாட்டங்கள் எல்லாம் குளிர் மாதங்களில் வந்து குவியும். குளோபல் வில்லேஜ் ஒக்டோபரில் கதவு திறக்கும். நவம்பரில் சார்ஜா புத்தகக் கண்காட்சி, அது 1982இல் தொடங்கியது. டிசம்பர் 2 தேசிய தினம். 1971இல் அமீரகங்கள் ஒன்றுசேர்ந்த நாள் அது. 2024 முதல் அதற்கு ஈத் அல் எத்திஹாத் என்று பெயர். பிறகு 1996இல் ஆரம்பித்த டுபாய் ஷொப்பிங் பெஸ்டிவல். நடுவிலே நத்தார், புதுவருசம், தைப்பொங்கல். பொங்கலுக்கு மட்டும் லீவு கிடையாது. அதை நாங்களாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கடை சினிமாக்காரருக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ரஜனிகாந்தின் 2.0 படத்துப் பாடல் வெளியீட்டு விழாவை 2017 ஒக்டோபர் 27இல் புர்ஜ் கலீபாவுக்குக் கீழே இருக்கிற புர்ஜ் பார்க்கில் வைத்தார்கள். வெயில் அடங்கிய பிறகு, திறந்த வெளியில். அதையே ஜூலையில் வைத்திருந்தால் ரோபோவே உருகிப்போயிருக்கும். இளையராஜா எக்ஸ்போவுக்கு வந்து பாடியது 2022 மார்ச்சில், அதாவது குளிர் முடிகிற கையோடு. சவூதியில் முப்பத்தைந்து வருசம் மூடிக் கிடந்த சினிமாத் தியேட்டர் 2018இல்தான் திரும்பத் திறந்தது. அங்கே போன முதல் இந்தியப் படம் 'காலா' என்று அறிவித்தார்கள். அது வந்தது ஜூன் மாதத்தில். தியேட்டருக்குள் ஏசி இருக்கிறபடியால் வெயில் ஒன்றும் செய்யவில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

என்னுடைய மகளுக்கு எட்டு வயது. கனடாவில் இருக்கிற மச்சானின் பிள்ளைகள் பனியில் பொம்மை செய்து, அதற்குக் கரட் மூக்கும் வைத்துப் படம் அனுப்புவார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து மகளுக்கு ஒரே கவலை.

"அப்பா, எங்கடை ஊரிலை ஏன் சினோ இல்லை?"

எங்கடை ஊர் என்று அவள் சொன்னது சார்ஜாவை. அதைத் திருத்துவதா விடுவதா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

பனிக்கு இங்கே வழியில்லாமல் இல்லை. மோல் ஒஃப் த எமிரேற்ஸில் 2005இல் திறந்த ஸ்கீ டுபாய் இருக்கிறது. எண்பத்தைந்து மீற்றர் உயரத்துக்குக் கட்டிடத்துக்குள்ளேயே ஒரு பனிமலை. உள்ளே எந்நேரமும் பூச்சியத்துக்குக் கீழே. பென்குயின்கூட வளர்க்கிறார்கள். ஆனால் குடும்பமாகப் போவதற்கான காசைக் கணக்குப் பார்த்தால் உள்ளே போகாமலே உறைந்துபோவோம். வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது இலவசம். நாங்கள் இரண்டு தடவை இலவசமாகப் பார்த்தோம். உண்மையான பனியும் விழுந்திருக்கிறது. ராசல்கைமாவில் ஜெபல் ஜைஸ் மலைப்பக்கம் 2004இலும் 2009இலும் 2017இலும் விழுந்தது. அடுத்தது எப்போது என்று மகள் கேட்டாள். அதற்கு விசா நீட்டிக்கவேண்டி வரலாம் என்று மனைவி சொன்னாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மலையாளி அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "தேசிய தின லீவுக்குப் பாலைவனத்துக்குப் போவோம். என்னிடம் பிக்கப் இருக்கிறது. ஒரு கூடாரம் வாங்கினால் போதும். இரவு தங்கிவிட்டு வரலாம்."

மகள் துள்ளிக் குதித்தாள். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

இந்தக் காம்ப் என்ற சொல்லுக்கு எங்களிடம் ஏற்கெனவே இரண்டு அர்த்தம் உண்டு. இங்கே வந்த புதிதில் நான் இருந்தது லேபர் காம்ப். ஒரு அறைக்குள் இரும்புக் கட்டிலுக்கு மேலே கட்டில். அதற்கு முதல் 2009இல், ஏ.எல். சோதனை எழுதவேண்டிய வயதில், செட்டிகுளம் மெனிக் பாம். இராமநாதன் முகாமில் வெள்ளைத் தறப்பாளுக்குள் அம்மாவும் நானும் தங்கச்சியும். அந்த முகாமை 2012 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள். நாங்கள் அதற்கு முதலே வெளியே வந்துவிட்டோம். இப்போது மூன்றாவதாக, அரபிகளின் காம்ப். குவைத்தில் அதற்கென்று நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல வீடு வாசல் இருக்கிற சனம், அதைப் பூட்டிவிட்டுக் கூடாரத்தில் போய்ச் சந்தோசமாக இருக்கிறது!

விசிற் விசாவில் அம்மா வந்து நின்ற நேரம் அது. விசயத்தைச் சொன்னேன்.

"தம்பி, உனக்கென்ன விசரே? தறப்பாளுக்கை கிடந்தது காணாதே? இப்ப காசு குடுத்துப் போய்க் கிடக்கப் போறியோ?"

நான் பேசவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் மகள், "அப்பம்மா, சிவப்புக் கலர் ரென்ற் வாங்குவமா? நீங்களும் நானும் ஒண்டாப் படுப்பம்" என்று மடியில் ஏறிவிட்டாள். அம்மா என் முகத்தைப் பார்த்தா. நான் சுவரைப் பார்த்தேன். பேத்தி கேட்டு அம்மா இல்லை என்று சொன்ன சரித்திரம் கிடையாது.

போனோம். சார்ஜாவிலிருந்து மலீஹாப் பக்கம். மணலுக்குள் இறங்கமுதல் அண்ணன் நான்கு ரயரிலும் காற்றைக் குறைத்தார். காற்றுக் குறைந்தால் ரயர் அகன்று மணலில் புதையாது. கூடாரம் சிவப்பு. அதை எப்படி நிறுத்துவது என்று கடைக்காரன் தந்த படத்தைத் திருப்பித் திருப்பி அண்ணனும் நானும் அரைமணித்தியாலம் பார்த்தோம். ஒரு பக்கத்தை நிறுத்த மறுபக்கம் விழுந்தது.

வாகனத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா இறங்கி வந்தா. படத்தைப் பார்க்கவில்லை. "காத்து எந்தப் பக்கத்தாலை வருது?" என்று மட்டும் கேட்டா. வாசலை மறுபக்கம் திருப்பச் சொன்னா. முளைக்கம்பியை மணலில் குத்தினால் நிற்காது, பையில் மண் நிரப்பிக் கயிற்றில் கட்டித் தாழ்த்து என்றா. பத்து நிமிசத்தில் கூடாரம் எழும்பி நின்றது. அண்ணன் வாயைப் பிளந்து, "அம்மா எங்கே படித்தது?" என்று கேட்டார். நான் "செட்டிகுளத்தில்" என்றேன். அவர் அது ஏதோ பெரிய கல்லூரி என்று நினைத்திருப்பார்.

அதோடு முடியவில்லை. அம்மா பிள்ளையின் விளையாட்டு மண்வெட்டியை வாங்கிக் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டத் தொடங்கினா.

"அம்மா, இது பாலைவனம். மழை வராது" என்றேன்.

"அப்பவும் ஒருத்தரும் வரும் எண்டு சொல்லேல்லை" என்றா அம்மா, நிமிர்ந்து பார்க்காமல்.

2009 ஓகஸ்ட் மழை எனக்கு ஞாபகம் வந்தது. பாய்க்குக் கீழே தண்ணீர் ஓடிய இரவு. நானும் குனிந்து கையால் மண்ணை அள்ளினேன். மகளும் வந்தாள். அவளுக்கு அது கடற்கரை விளையாட்டு. சிரித்துச் சிரித்து வெட்டினாள். மூன்று பேருமாக முழுவதும் சுற்றி வெட்டி முடித்தோம்.

இரவு அண்ணன் கோழி சுட்டார். மனைவி ரொட்டி சுட்டாள். அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் நடத்திய பாட்டுக்குப் பாட்டு மாதிரி இரண்டு கட்சியாகப் பிரிந்து பாடினோம். மலையாளப் பாட்டையும் சேர்க்கவேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்ததால் நாங்கள் தோற்றோம். கொஞ்சத் தூரத்தில் கம்பளம் விரித்துப் பெரிய கூடாரம் அடித்திருந்த ஒரு அரபுக் குடும்பத்திலிருந்து முதியவர் ஒருவர் பேரீச்சம்பழமும் கஹ்வாவும் கொண்டுவந்து தந்தார். பதினொரு மணிபோலத் தெற்கே கீழ்வானில் பளிச்சென்று நின்ற ஒரு வெள்ளியைக் காட்டி "சுஹைல்" என்றார். ஓகஸ்ட் கடைசியில் விடியப்புறம் அது தெரியத் தொடங்கினால் வெயில் தணியப்போகிறது என்று இந்தப் பக்கத்துச் சனம் கணக்கு வைக்குமாம். அதே வெள்ளிதான் எங்களுக்கு அகத்தியர் நட்சத்திரம் என்று பிறகு பஞ்சாங்கம் தெரிந்த ஒரு ஐயா சொன்னார். அவர்கள் டிசம்பர் முதற் கிழமையளவிலிருந்து நாற்பது நாளைக் கடும் குளிராக எண்ணுகிறார்கள். எங்கடை மார்கழியும் அதற்குள்தான் வருகிறது. சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்புகிற திருவெம்பாவைக் குளிரும் இந்தக் குளிரும் ஒரே குளிர்தான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சந்தோசம்.

அம்மாவும் பேத்தியும் சிவப்புக் கூடாரத்துக்குள் படுத்தார்கள். எனக்கு நித்திரை வரவில்லை. அம்மா பயந்து எழும்புவா என்று வெளியிலேயே இருந்தேன். விடிய ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தால், இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் நல்ல நித்திரை. மழை வரவில்லை. வாய்க்கால் காய்ந்தபடி கிடந்தது.

தேத்தண்ணி குடிக்கும்போது, "எப்பிடியம்மா இருந்தது?" என்று மெல்லக் கேட்டேன்.

"பரவாயில்லை. இதை நாங்கள் நினைச்ச நேரம் கழட்டிக்கொண்டு போகலாம் தானே" என்றா.

பிறகு தானே கழற்றி, கயிற்றையெல்லாம் ஒழுங்காகச் சுற்றி, பையில் வைத்துக் கட்டித் தந்தா. அடுத்த வருசத்துக்கும் வேணுமாம்.

போக நினைக்கிற குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். குளிருக்கென்று கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள்ளோ பூட்டிய அறைக்குள்ளோ ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும். மழை இருட்டினால் வாடிப் பள்ளத்தாக்குப் பக்கம் நிற்காதீர்கள். வெள்ளம் சொல்லிவிட்டு வராது. 2023இலிருந்து அதற்குத் தண்டமும் உண்டு. நெருப்பை வெறும் மணலில் மூட்டாமல் தட்டில் மூட்டுங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அம்மாவோ மாமியோ வந்து நின்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். பேரப்பிள்ளையைக் கேட்கவிடுங்கள், அது போதும்.

வாய்க்கால் வெட்ட ஒரு மண்வெட்டியும் கொண்டுபோங்கள். மழை வராவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்த முறை, மின்சார அடுப்பில் பொங்கல் பொங்கி வழிந்து நெருப்பு மணி அடித்த கதையோடு வருகிறேன். அதுவரை காதை மூடிக்கொள்ளுங்கள், குளிர் பத்திரம்.