அந்திக்கிறிஸ்துவும் அடுத்த வீட்டாரும்

பெரியகல்லாற்றில் மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் சைவரும் வேலிக்கு வேலி அயலவர்கள். ஒரே குடும்பத்துக்குள் மூன்று வழிபாடும் இருப்பது இங்கே அதிசயமில்லை. தெற்கே கொஞ்சத் தூரம் போனால் முஸ்லிம்கள் வாழும் மருதமுனை, கல்முனை. இப்படியான ஊரில் ‘அந்திக்கிறிஸ்து யார்?’ என்ற கேள்வி வேதபாட வகுப்போடு நின்றுவிடாது. கூட்டத்து ஒலிபெருக்கியில் ஒருவர் பாப்பரசரைச் சுட்டிப் பேசினால், அது மச்சான் வீட்டு முற்றத்தில் போய் விழுகிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பலர் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்றின் குண்டுக்குப் பலியானார்கள். அதன்பின் அந்திக்கிறிஸ்து என்ற பெயரை இஸ்லாத்தின்மேல் ஏற்றிப் பேசுவதும் சிலருக்கு இலகுவாகிவிட்டது. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஊரார் அறியவேண்டும் என்பதற்காகவே இம்முறை தலையங்கத்தை இதற்கு ஒதுக்கினோம்.

வேதாகமத்தில் அந்தப் பெயர் வருவது யோவானின் முதலாம், இரண்டாம் நிருபங்களில் மாத்திரம். வெளிப்படுத்தல் நூலில் ஓரிடத்திலும் இல்லை. தானியேல் கண்ட சின்னக் கொம்பு, தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய கேட்டின் மகன், வெளிப்படுத்தலின் மிருகம், யோவானின் அந்திக்கிறிஸ்து ஆகிய நான்கையும் ஒரே ஆளாகச் சேர்த்தவர்கள் பின்வந்த வாசகர்கள். 2ஆம் நூற்றாண்டிலேயே இரேனியு இதைச் செய்தார். மிருகத்தின் எண்ணான 666க்குப் பொருந்தும் பெயர்கள் சிலவற்றையும் ஆராய்ந்தார். ஆனால் எதையும் அறுதியிட்டுச் சொல்லவேண்டாம், காத்திருப்பதே பத்திரம் என்று எச்சரித்தும் வைத்தார். தெசலோனிக்கேயர் பகுதியில் பவுல் குறிப்பால் சொன்ன ஒரு விடயம் தமக்கு விளங்கவில்லை என்று அகுஸ்தீனார் வெளிப்படையாக எழுதினார். இந்த இருவரின் அடக்கம் பின்வந்தவர்களிடம் நிலைக்கவில்லை.

லூத்தர் 1536 இறுதியில் எழுதிய சிமால்கால்ட் பிரிவுகள் பாப்பரசரே அந்திக்கிறிஸ்து என்று நேரடியாகச் சொல்லின. கத்தோலிக்கத் தரப்பில் யேசு சபையைச் சேர்ந்த ரிபேரா, அவன் உலக முடிவுக்குச் சற்று முன் வரப்போகிறவன் என்று வாதிட்டார். அதே சபையின் அல்காசார், வெளிப்படுத்தலின் பெரும்பகுதி ஆதித் திருச்சபைக் காலத்திலேயே நிறைவேறிவிட்டது என்றார். நீரோ மன்னனே அந்த மிருகம் என்று இன்று பல வேத அறிஞர்கள் சொல்வதும் இந்த வழியில் வருவதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1814இல் மட்டக்களப்பில் கால்வைத்த வெஸ்லியன் மிசனரி வில்லியம் ஓல்ட், ஒரு வருடமும் முடியாமல், 1815 ஏப்ரலில் இங்கேயே மரித்தார். அவரும் கூட்டாளிகளும் கப்பலேறிய நாட்களில் இங்கிலாந்துப் பிரசங்கிகள் பலருக்கு நெப்போலியனே மிருகம். அவர்களுடைய சபையின் போதனைக்கு அளவுகோலாக இருந்தவை யோன் வெஸ்லி 1755இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளும் அவருடைய பிரசங்கங்களும். குறிப்புகளில் வெளிப்படுத்தலுக்கான பகுதி, பெங்கல் என்ற ஜெர்மானிய அறிஞரைப் பின்பற்றியது. அதில் மிருகம் என்பது பாப்பரசர் ஆட்சி. பெங்கலின் கணக்கு 1836ஐ முடிவின் ஆண்டாகக் காட்டியது. அந்த ஆண்டு எல்லா ஆண்டையும் போலக் கடந்துபோயிற்று.

அந்த வெஸ்லியேதான் 1749இல் டப்ளினிலிருந்து ஒரு றோமன் கத்தோலிக்கருக்குக் கடிதம் எழுதினார். கருத்தில் ஒன்றுபட முடியாவிட்டாலும் அன்பில் ஒன்றுபடலாம் என்பது அதன் சாரம். பிறசபையாரிடம் விரிந்த மனம் வேண்டும் என்று அவர் செய்த பிரசங்கம் அந்த அளவுகோல் தொகுப்பிலேயே இருக்கிறது. வெளிப்படுத்தலைத் தாம் முழுதாக விளங்கிக்கொண்டதாகச் சொல்லவில்லை என்று குறிப்புகளில் அந்த நூலுக்கான முன்னுரையிலும் எழுதிவைத்தார். ஆக, மெதடிஸ்தப் பிள்ளைக்கு முதுசமாக வந்தவை இரண்டு: ஒன்று பாப்பரசரைப் பற்றிய கணக்கு, மற்றது கத்தோலிக்கரைச் சகோதரராகப் பார்க்கும் கண். முன்னதை அந்தச் சபையே காலப்போக்கில் கைவிட்டுவிட்டது. 1967 முதல் உலக மெதடிஸ்தச் சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் உத்தியோகபூர்வமாகப் பேசி வருகின்றன. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இந்த விடயத்தில் எந்த ஆளையும் சுட்டவில்லை. கடவுளின் இடத்தில் மனிதன் தன்னை வைத்துக்கொள்ளும் பொய் மீட்பையே அது அந்திக்கிறிஸ்து என்கிறது.

இன்று நம் பகுதிக் கூட்டங்களில் கேட்பது பெரும்பாலும் வேறொரு வழி. இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், உலகை ஆளப்போகும் ஒருவன் என்ற ஒழுங்கை 1830களில் வகுத்தவர் யோன் டார்பி. 1909இல் வந்த ஸ்கொபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகெங்கும் கொண்டுபோயின. வருகையை எதிர்நோக்கும் ஆவல் தென்னிந்தியாவில் முன்பே இருந்தது. திருவிதாங்கூரில் தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். மக்கள் நம்பிக் காத்திருந்தார்கள். கிறிஸ்து வரவில்லை, காத்திருந்தவர்களில் பலர் சிதறினார்கள்.

இந்த எதிர்பார்ப்பை நாம் இழிவாகப் பார்க்கவில்லை. சுனாமிக்குப் பின் வெறும் அத்திவாரத்தில் நின்ற ஒருவருக்கு, இந்த உலகம் இப்படியே முடியாது என்ற செய்தி சோறு போலத்தான் இருந்திருக்கும். முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாத நாட்டை வெளிப்படுத்தல் காட்டுகிறது. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு, பொருளாதாரத் தடையில் வாழ்ந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. உரோமப் பேரரசின் கீழ் நெரிபட்டவர்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. அதிகாரம் தன்னைக் கடவுளாக்கும்போது அடிபணியாதே என்று சொல்லும் நூல். தடுப்பூசியிலும் வங்கி அட்டையிலும் 666ஐத் தேடுகிறவர்கள் அதன் கூர்மையை மழுக்கிவிடுகிறார்கள்.

நமக்கு இதில் பயம் வேறு. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் 158 பேரைக் கொண்டுபோனது. தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்க முகம் மூடிய தலையாட்டிகள் அங்கே நின்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை. ஒரு மனிதனை, ஒரு சமூகத்தை, ‘இவன்தான்’ என்று காட்டுவதன் விலை மட்டக்களப்புக்குத் தெரிந்த அளவு வேறு ஊர்களுக்குத் தெரியுமோ என்னவோ. அந்தத் தலையாட்டலை வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதை நாம் ஏற்கமுடியாது.

யோவானின் நிருபத்தை இன்னொரு முறை வாசியுங்கள். அவர் அந்திக்கிறிஸ்துகள் பலர் என்கிறார், ஏற்கனவே வந்துவிட்டார்கள் என்கிறார். அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள்? உரோமிலிருந்தோ பாலைவனத்திலிருந்தோ அல்ல. மெய்யாக நம்மவராக இல்லாவிட்டாலும் நம்மிடமிருந்தே போனவர்கள் என்பதுதான் அவருடைய வேதனை. அதே நிருபம் அடுத்த அதிகாரத்தில் சகோதரனைப் பகைக்கிறவனைக் கொலைகாரன் என்கிறது. தேடல் எந்த வாசலில் தொடங்கவேண்டும் என்று அந்த நிருபத்தை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

முஸ்லிம் அயலவரிடம் கேட்டால் தஜ்ஜால் என்ற வஞ்சகனைப் பற்றிச் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் ஈஸா நபி திரும்பி வந்து அவனை வெல்வார் என்பது நபிமொழிகளில் உள்ள செய்தி. மரியாளின் மகனின் வருகைக்காக இரு சாராரும் காத்திருக்கிறோம். இதைப் பற்றி ஒரு தரமாவது ஒன்றாக உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

போதகர்களிடமும் குருவானவர்களிடமும் ஒரு கேள்வி. வரும் தபசுகாலத்தில் தானியேல் 7, 2 தெசலோனிக்கேயர் 2, யோவானின் முதல் நிருபம், வெளிப்படுத்தல் 13 ஆகியவற்றை எல்லாச் சபையாரும் சேர்ந்து, இந்த விளக்கங்களின் வரலாற்றோடு வாசிக்க ஒழுங்கு செய்வீர்களா? அடுத்த இதழில் ஒரு மெதடிஸ்தர், ஒரு கத்தோலிக்கர், ஒரு பெந்தெகொஸ்தே விசுவாசி, ஒரு மௌலவி ஆகிய நால்வரின் கட்டுரைகளுக்கு இடம் வைத்திருக்கிறோம். எழுத விரும்புகிறவர்கள் முன்வரலாம்.