ஓடுகிற லேப்டாப்பை எடைக்குப் போடாதீர்கள்



கொஞ்ச நாளாக என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் வருகிறது. "சார், என் லேப்டாப்ல விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சுன்னு காட்டுது. 11-க்கு இது தகுதியில்லையாம். புதுசுதான் வாங்கணுமா?" அரூரிலிருந்தும் கேட்கிறார்கள், பென்னாகரத்திலிருந்தும் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலிக்கிறது. எனவே எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் பதில்: பெரும்பாலானவர்கள் வாங்க வேண்டியதில்லை.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அதற்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திவிட்டது. அன்றோடு உங்கள் லேப்டாப் செத்துவிடவில்லை. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பேங்க் கணக்கைத் திறக்கும் இயந்திரம் அது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசசரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறைக்கு மேல். அதனால் 2017-க்கு முன் வாங்கியவை பெரும்பாலும் தேறாது. கீபோர்டு, திரை எல்லாம் நன்றாக இருக்கும். மென்பொருள்தான் கைவிட்டிருக்கிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதே கதி வந்தபோது, அரசு அலுவலகக் கணினிகளில் பாஸ் லினக்ஸ் போடச் சொன்னது தமிழக அரசு. அது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2011-இல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோதும் விண்டோஸோடு அதே பாஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள்? கடைக்குக் கொண்டுபோய் முதல் வேலையாக அதை அழித்து, திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டதைத்தான் நான் கண்டேன். பக்கத்துக் கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை லினக்ஸில்தான் ஐ.டி. செய்முறைத் தேர்வே எழுதுகிறது. நம் பிள்ளைகள் அவர்களைவிட மட்டமா? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதுதான் குறை.

இப்போது செய்ய வேண்டியது:

1. முதலில் போட்டோ, சர்டிபிகேட், பைல் எல்லாவற்றையும் வேறு இடத்தில் பேக்கப் எடுங்கள். இதைத் தாண்டாதீர்கள்.

2. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ராம் 4 ஜிபி என்றால், இடமிருந்தால் 8 ஆக்குங்கள். புது லேப்டாப் விலையில் இது சிறு பங்குதான். "ஸ்லோவா இருக்கு" என்ற புகாரில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும்.

3. லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்டு, பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, பிடித்தால் நிறுவுங்கள். காசு கிடையாது. லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ் இரண்டும் தமிழிலேயே மெனு காட்டும். தமிழ்99-இல் தட்டவும் வழி உண்டு.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், போட்டோஷாப்பில் பிளெக்ஸ் பேனர் அடிக்கிறவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். தனிநபர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை தருகிறார்கள்; அதில் பதிந்துகொண்டு, அதற்குள் பணம் சேர்த்து மாற்றுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் வீட்டு மாப்பிள்ளை ஒருவர், "பழசைக் கட்டிக்கிட்டு ஏன் மாமா அழறீங்க? நம்ம நேரத்துக்கும் விலை இருக்கில்ல?" என்கிறார். அவருக்கு அது சரிதான். ஆனால் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டில் ஒரு லேப்டாப் என்பது பல மாதக் கையிருப்பு. சும்மா இருந்த லேப்டாப்புக்காகக் கடன் வாங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

"எல்லாம்தான் போன்லயே இருக்கே சார்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போன் பார்ப்பதற்கு நல்லது, செய்வதற்குக் கணினிதான் வேண்டும். நான்கு பக்கக் கட்டுரை எழுதவும், எக்செல் கணக்குப் போடவும், புரோகிராம் பழகவும் கையகலத் திரை போதாது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு விலை கூடிய போன் வாங்கித் தந்துவிட்டு, "கம்ப்யூட்டருக்குக் காசில்லை" என்னும் உறவினர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்.

போனிலும் இதே அப்டேட் பிரச்சினைதான், இன்னும் மோசமாக. கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ்24 போன்ற விலை உயர்ந்தவற்றுக்கு 7 ஆண்டு அப்டேட் தருவதாகச் சொல்கிறார்கள். மலிவு போன்கள் பலவற்றுக்கு அதில் பாதிகூட வராது. லேப்டாப்பைப் போல வேறு ஓ.எஸ். போட்டுக்கொள்வதும் எளிதல்ல. ஆகவே கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்குமுன், "செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம்?" என்று கேளுங்கள். உங்கள் ஜிபே அதில்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே பைலைத் தொடவே தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி மாவட்டம் நம் தருமபுரி. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தவர்கள் நீங்கள். அடுத்த பள்ளம் கணினியில் வரக் கூடாது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் என்று 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. புதிது கைக்கு வந்தால் விற்காதீர்கள். பழையதைத் தம்பி தங்கைக்குக் கொடுங்கள்.

பெங்களூர், ஓசூரில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தூங்கும் லேப்டாப்பை, உங்கள் தகவல்களை முழுதாக அழித்துவிட்டு, அடுத்தமுறை ஊருக்கு வரும்போது கொண்டு வாருங்கள். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் தெருவில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லியும் கொடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள்.