‘செட் ஆகலை’ என்றொரு தீர்ப்பு

ஆய்வுப் படிப்பை இடையில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் மாணவரைப் பற்றித் துறை வராந்தாவில் ஒரே வரியில் பேசி முடித்துவிடுவார்கள்: “அவருக்கு இங்க செட் ஆகலை.” குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், காலனியிலிருந்து வந்தவர் என்றால் அந்த வரி இன்னும் சீக்கிரமாக வந்துவிடும். சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் வழக்கு முடிந்துவிடுகிறது. குறை வந்தவரிடம், இடத்தின்மேல் குற்றமில்லை.

இந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்க்கக் காரைக்குடி வட்டாரத்தின் வரலாறே போதும். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், தங்கள் பையன்களை எப்படித் தொழிலுக்குள் கொண்டுவந்தார்கள்? சிறுவயதிலேயே ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்த்துவிடுவார்கள். பல கடைகள் ஒரே கூடத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் கிட்டங்கிதான் பள்ளிக்கூடம். எடுபிடி வேலையில் தொடங்கி, வட்டிக் கணக்கு, பேரேடு, ஐந்தொகை என்று படிப்படியாகப் பழகி அடுத்தாளாகி, பிறகு மேலாளாவார்கள். யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம், யாருக்குத் தவணையை நீட்டலாம் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டு வாங்கி, திருத்திக்கொண்டு கற்றவை. தெரியாமல் இருப்பது அங்கே குற்றமல்ல. தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பையன் வந்திருந்தான்.

அந்தப் பயிற்சி சாதிக்குள்ளும் உறவுக்குள்ளுமே சுற்றிவந்தது. பிறகு “கணக்கு அவங்க ரத்தத்துலயே இருக்கு” என்று ஊர் பேசியது. ரத்தத்தில் எதுவும் இல்லை. பல வருடப் பயிற்சி, வெளியாருக்குத் தெரியாமல் வீட்டுக்குள் நடந்ததால், பிறவித் திறமையாகத் தெரிந்தது. சாதி இப்படித்தான் கற்பித்ததை மறைத்துவிட்டுத் தகுதியை மட்டும் காட்டும்.

அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1985இல் பல்கலைக்கழகமும் வந்தது. இன்று தேவகோட்டை, திருப்பத்தூர், இளையான்குடிப் பக்கக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் அந்த வகுப்பறைகளில் இருக்கிறார்கள். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4. இடஒதுக்கீடும் சத்துணவும் பஸ் பாஸும் விடுதியும் சேர்ந்து திறந்த கதவு இது.

கதவுக்கு உள்ளே வந்த பிறகுதான் எழுதப்படாத விதிகள் தொடங்குகின்றன. கைடுக்கு மின்னஞ்சல் எப்படி எழுதுவது? கருத்தரங்கில் எப்போது கை தூக்கலாம்? உதவித்தொகை மாதக்கணக்கில் வராவிட்டால் யார் மேசைக்கு முன்னால் போய் நிற்பது? கைடு சொல்லும் சொந்த வேலைகளில் எதற்கு முடியாது என்று சொல்லலாம்? பேராசிரியரின் மகளுக்கு இவை இரவுச் சாப்பாட்டின்போது காதில் விழுந்தவை. நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு இவற்றைச் சொல்லித்தர யாருமில்லை. அவர் தப்புத்தப்பாகச் செய்து பார்த்துத்தான் கற்க வேண்டும். ஒவ்வொரு தப்பும் ‘செட் ஆகலை’ என்ற கணக்கில் ஏறும்.

அந்தக் கணக்கு சில சமயம் மதிப்பெண்ணாகவே மாறுகிறது. ஜே.என்.யூ.வில் அப்துல் நஃபே தலைமையிலான குழு 2016இல் ஆய்வுச் சேர்க்கை மதிப்பெண்களை ஆராய்ந்தது. எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டால் சமூகப் பின்னணி சார்ந்த பாகுபாடு தெரிகிறது என்று சொல்லி, நேர்முகத்துக்கான 30 மதிப்பெண்ணை 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. விடைத்தாளில் தெரியாத சாதி, நாற்காலியில் உட்காரும் விதத்திலும் பேச்சிலும் தெரிந்துவிடுகிறது.

விதி தெளிவாக இல்லாதபோது அது யாரைத் தாக்கும் என்பதற்குச் சேலம் மாவட்டத்துச் செந்தில்குமாரின் மரணம் சாட்சி. பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போனவர். அவருக்குக் கைடே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். அதன் பிறகு பல்கலைக்கழகம் அமைத்த குழு, கைடு ஒதுக்கும் நடைமுறைகளில் இருந்த குழப்பத்தையும், அதில் சிக்கியவர்கள் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களாக இருந்ததையும் சுட்டிக்காட்டியது. பழக்கத்தால் நடக்கும் இடத்தில், பழக்கம் உள்ளவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. தேவகோட்டைக்கு அருகே உள்ள கண்டதேவியைப் பாருங்கள். தேர் வடம் பிடிக்கத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு கைகள் போதும். ஆனாலும் பட்டியல் சாதியினர் வடம் பிடிக்கும் உரிமைக்காக 1990களின் இறுதியிலிருந்து நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் தேரே ஓடாமல் நின்று, 2024 ஜூனில்தான் போலீஸ் காவலோடு மீண்டும் ஓடியது. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசு வேலைக்குப் போன அம்பேத்கருக்கு எந்த நாகரிகம் தெரியாமல் இருந்தது? தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். எனவே தடைகள் இரண்டு. ஒன்று, விதியைச் சொல்லித்தராமல் இருப்பது. மற்றொன்று, விதி தெரிந்தவரையும் சாதி பார்த்து நிறுத்துவது. முதலாவது எப்போதும் இரண்டாவதற்கு நல்ல மறைவிடம். “சாதியெல்லாம் பார்க்கிறதில்லை, அவருக்குத்தான் செட் ஆகலை” என்று சொல்லிவிடலாம் அல்லவா?

அந்த மறைவிடத்தை இல்லாமல் ஆக்குவது முடியாத காரியமல்ல. கைடு ஒதுக்கும் முறையையும் கடைசித் தேதியையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். எழுத்துத் தேர்வு, நேர்முக மதிப்பெண்களைத் தனித்தனியே வெளியிடலாம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவரைத் துணையாகப் போடுவதைத் துறையின் கடமையாக்கலாம். எழுதி ஒட்டிய விதியைக் காட்டிக் கேள்வி கேட்க முடியும். பழக்கத்தைக் காட்டி யாரிடம் கேட்பது?

நம் வாசிப்பு வட்டங்களையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும், தோழர்களே. ‘சொல்லாடல்’, ‘கட்டுடைப்பு’ என்று நாம் பேசும்போது புதிதாக வந்தவர் முகத்தைப் பார்க்கிறோமா? ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்தியவரைத் திருத்துகிறோமா, கிழிக்கிறோமா? கடைசி பஸ் போன பிறகும் நீளும் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்? இரண்டு கூட்டத்துக்கு வந்துவிட்டு மூன்றாவதற்கு வராதவரைப் பற்றி “அவருக்கு அரசியல் ஆர்வமில்லை” என்கிறோம். இது துறை வராந்தாவில் கேட்ட அதே வரிதான். சொற்கள் மட்டும் நம்முடையவை.

வழி நம்மிடமே இருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய அம்பேத்கர் மாணவர் சங்கம் போன்ற அமைப்புகள், பின்னால் வருபவர் தனியாக நிற்கக் கூடாது என்பதற்காகவே உருவானவை. அங்கே வருபவர் இருக்கும் விதிகளைக் கற்றுக்கொள்வதோடு, சரியில்லாத விதியை மாற்றச் சொல்லவும் துணை கிடைக்கிறது. சாதி பார்த்துப் பையனைச் சேர்த்த கிட்டங்கியில் இல்லாதது இந்த இரண்டாவது பாதிதான். அடுத்த கூட்டத்துக்கு வராமல் போனவருக்கு இன்று ஒரு போன் போடுங்கள். ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டாம். எங்கள் கூட்டத்தில் எதை மாற்றினால் வருவீர்கள் என்று கேளுங்கள்.