காதுக்கு மட்டும்தானா இசை?

இசை உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை தரும் என்று எழுதினால் மறுப்பவர் யாருமில்லை. கட்டுரைப் போட்டிகளில் நாம் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது எழுதிய தலைப்புத்தான் இது. ஆனால் எழுதி முடித்தபின் நம்மில் எத்தனை பேர் வாய்விட்டுப் பாடுகிறோம்?

கேட்பதற்குக் குறைவில்லை. அக்குறணை பஸ்ஸில் ஏறினால் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருமுன்பே சாரதி போடும் பாட்டில் தலைவலி வந்துவிடும். அதையும் இசை என்றுதான் சொல்கிறார்கள்! இன்னொரு பக்கம், ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு போன்களில் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் பேச விரும்புவது இவற்றைப் பற்றியல்ல. அருகிலிருந்து நமக்காக எழும் மனிதக் குரலைப் பற்றி.

அன்ஜஷா (ரழி) அவர்களின் செய்தியை நாம் இஸ்லாம் பாடத்தில் கேட்டிருக்கிறோம். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அவர் பாடி ஓட்டினார். இனிய குரலைக் கேட்டு ஒட்டகங்கள் வேகமெடுத்தன. கண்ணாடிக் குடுவைகள் போன்ற அப்பெண்களை மென்மையாக அழைத்துச் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ‘இஹ்யா’வில், அழகாகப் பாடும் ஓர் அடிமையின் குரலில் மயங்கி, பாரம் சுமந்த ஒட்டகங்கள் பல நாள் தூரத்தை மிக விரைவில் கடந்துவிட்டு மடிந்துபோன கதையைச் சொல்கிறார்கள். தாளம் காதோடு நிற்பதில்லை, கால்களுக்கும் இறங்குகிறது என்பதை அன்றைய மக்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். பாக்கின்சன் நோயால் கால் எழாமல் தடுமாறுபவர்களைச் சீரான தாளத்துக்கு நடக்கவைக்கும் பயிற்சி இன்று மருத்துவத்தில் உண்டு. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்து வைக்கிறார்கள். எசல பெரஹராவின் பெர மேளம் கேட்டால் வீதியோரத்தில் நிற்பவரின் காலும் தானாக ஆடுகிறதே, அதே சங்கதிதான்.

2013இல் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. அமெரிக்காவில் 11 வைத்தியசாலைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளுக்கு இசை கேட்க வைத்தார்கள். ஒலிப்பதிவு அல்ல. குழந்தையின் மூச்சைக் கவனித்து, அதற்கேற்ப நேரில் பாடிய தாலாட்டும் மெல்லிய ஒலிகளும். குழந்தைகளின் இதயத் துடிப்பு நிதானமானது, பால் உறிஞ்சுவதும் மேம்பட்டது. பெற்றோரின் பதற்றமும் தணிந்ததாம். பெற்றோருக்குப் பிடித்த பாட்டையே தாலாட்டாக்கிப் பாடினார்கள் என்பதுதான் இதில் அழகு.

நமது உம்மும்மாமார் இதை எந்த ஆய்வும் இல்லாமலே செய்தார்கள். தொட்டில் ஆடும் வேகம் குறையக் குறையப் பாட்டின் வேகமும் குறையும். இன்று அழும் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கிறோம். பிள்ளை தூங்கிவிட்டதா என்று போனுக்குத் தெரியாது. அது பாடிக்கொண்டே இருக்கும்.

‘பாட்டு நமக்குக் கூடுமா?’ என்ற கேள்வி உடனே வரும். இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பெருநாளன்று ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் சிறுமியர் இருவர் தஃப் அடித்துப் பாடியதும், அபூபக்ர் (ரழி) அவர்கள் கண்டித்தபோது அவர்களை விட்டுவிடும்படி நபியவர்கள் சொன்னதும் நாம் அறிந்தவைதாமே. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய வைத்தியசாலை 1488இல் நிறைவுற்றது. அங்கே நோயாளருக்காகப் பாடகரும் வாத்தியக்காரரும் வந்து இசைத்ததைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதிவைத்திருக்கிறார். நமது பக்கத்திலேயே, தெல்தோட்டைப் போப்பிட்டியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் ‘கண்டிக் கலம்பகம்’ பாடினார். கலம்பகம் பல பாவும் சந்தமும் கலந்தது. மௌனமாக வாசிப்பதற்கு எழுதப்பட்டதல்ல அது.

இவ்வளவும் இருந்தும், நமது பாடசாலைகள் பலவற்றில் அழகியல் பாடம் என்றால் சித்திரம் மட்டும்தான். சித்திரம் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் இனிய குரலுள்ள பிள்ளையும் ஆறாம் ஆண்டிலிருந்து பூச்சாடி வரைந்துகொண்டிருப்பது என்ன நியாயம்?

உயர்தர வகுப்புக்கு வந்தபின் அந்தச் சித்திரமும் இல்லை. பரீட்சை நெருங்க நெருங்கத் தூக்கம் போகிறது, வயிறு எரிகிறது. சுவீடனில் 18 வயது மாணவர்களைச் சேர்ந்து பாடவைத்து ஆராய்ந்தபோது அவர்களது இதயத் துடிப்புகள் ஒரே போக்கில் ஏறி இறங்கினவாம். காரணம் எளிது. பாட்டின் வரி நீளும்போது மூச்சை மெதுவாக விடவேண்டும். மூச்சு நிதானமானால் நாடியும் நிதானமாகும். எல்லோரும் ஒரே வரியில் மூச்சு எடுக்கிறார்கள். இதற்கு ஹார்மோனியம் வேண்டாம், பணம் வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இருபது நிமிடம் போதும். கஸீதா பாடலாம், கல்லூரிக் கீதத்தையே பாடலாம். மேடைக்காக இரண்டு பேரைத் தெரிந்தெடுக்காமல் குரல் கரகரப்பானவர்களும் சேர்ந்து பாடவேண்டும். பரிசு கொடுக்க ஆரம்பித்தால் பாதிப்பேர் வாயை மூடிவிடுவார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு, இது அவசரம். மாவில்மடையோ கலகெதரையோ, உங்கள் ஊர் எதுவானாலும் உம்மும்மா பாடிய தாலாட்டுகளை அவர் வாயாலேயே பாடச்சொல்லி எழுதிக்கொண்டு வாருங்கள். என் உம்மும்மாவிடமிருந்து மூன்று தாலாட்டுகள் எழுதிவிட்டேன். நான்காவதில் இரண்டு வரி அவருக்கு வரவில்லை. வேறு யாராவது வீட்டில் இருக்கக்கூடும்.