தன்னை வணங்கும் சமயமா?

கீழைத்தேயச் சமயங்கள் மனிதனைத் தன்னையே வணங்கச் செய்வன என்னும் குற்றச்சாட்டு, மேனாட்டுக் கிறிஸ்தவர் எழுத்துக்களில் அடிக்கடி காணப்படுவதொன்று. உள்ளிருக்கும் கடவுளை வணங்குமாறு ஒருவனுக்குப் போதித்தால், அவன் முடிவில் வணங்குவது தன்னைத்தானே என்று 1908ஆம் ஆண்டில் எள்ளி நகையாடினார் ஜீ. கே. செஸ்டர்ட்டன். அவ்வேளை அவர் நேரே சாடியது ஐரோப்பியர் சிலரையே. ஆயினும் பௌத்தத்தையும் அன்னி பெசன்ற் அம்மையாரின் போதனையையும் அந்நூல் அதே கண்கொண்டே நோக்குகின்றது. அவர் கூற்றில் உண்மை இல்லாமலும் இல்லை. மேடையேறி, 'நீயே கடவுள்' என்று முழங்கிக் கைதட்டல் பெற்றுச் செல்லும் நம்மவர் சிலரைக் காணுந்தோறும், செஸ்டர்ட்டனை மறுக்க நாவெழுவதில்லை.

ஆனால் சங்கரர் வழிவந்த வேதாந்தி பிரமம் என்று சொல்வது, உண்டு உறங்கிச் சினந்து திரியும் இந்த 'நானை' அன்று. இந்த 'நான்' பொய்யென்று கழிந்த பின்னர் எஞ்சுவதையே அவர் குறிக்கின்றார். சைவசித்தாந்தமோ அந்த அளவுக்கும் செல்வதில்லை. உயிர் ஒருகாலத்தும் கடவுளாவதில்லை என்பது அதன் துணிபு. மேலும், தன்னை வணங்குதல் என்று கிறிஸ்தவர் கண்டிக்கும் குற்றத்துக்குச் சித்தாந்தத்தில் ஒரு பெயரே உண்டு. ஆணவம் என்பது அப்பெயர். மும்மலங்களுள் மூலமலமும் அதுவே.

முத்தியிலேனும் உயிர் கடவுளாகி விடாதோ எனின், அதற்கு உமாபதி சிவாசாரியார் தமிழிலக்கணத்திலிருந்தே ஓர் உவமை எடுத்தார். தாள், தலை என்னும் சொற்கள் புணரும்பொழுது 'தாடலை' என ஒரு சொல்லாகின்றன. ளகரமும் தகரமும் மறைந்து டகரம் நிற்பதால் ஒட்டிய இடம் தெரிவதில்லை. எனினும் தாள் தாளே, தலை தலையே. ஆண்டவன் தாளின்கீழ் அடியவன் தலை! வகுப்பிலே புணர்ச்சி விதி கற்பிக்கும்போது இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இவை கிறிஸ்தவர் அறியாதனவும் அல்ல. வட்டுக்கோட்டைச் செமினறியின் அதிபராயிருந்த ஹொய்சிங்டன் பாதிரியார் சிவஞானபோதத்தையும், உமாபதியார் செய்த சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இலேயே அமெரிக்காவில் வெளியிட்டார். போப்பையரின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900இல் வந்தது. செஸ்டர்ட்டன் நூலுக்கு எட்டு ஆண்டுகள் முன்னர்.

இதனால் இரு சமயங்களுக்கும் வேற்றுமை இல்லை என்பதன்று. அஃது இருக்குமிடம் வேறு. அயல்வீட்டுக் கிறிஸ்தவ நண்பரோடு பேசவேண்டிய பொருள் அங்கேதான் தொடங்குகின்றது. கடவுள் உயிரைச் சூனியத்திலிருந்து படைத்தார் என்பது அவர் கொள்கை. பதியைப் போலவே பசுவும் அநாதி, எவராலும் படைக்கப்படாதது என்பது நம் கொள்கை. படைக்கப்படாத பொருள் வேறொன்று உண்டெனின் கடவுள் முழுமுதல்வராவது எங்ஙனம் என அவர் வினவலாம். அது தக்க வினா. ஞாயிறு கண்ணைப் படைக்கவில்லை, ஆயினும் ஞாயிறின்றிக் கண் காணாது என்னும் உவமை மட்டும் அவருக்குப் போதாது. தூயவராகிய கடவுளே உயிரைப் படைத்தாராயின் அதனிடத்து இருள் எவ்வாறு வந்தது என்று நாமும் வினவுவோம். மனிதன் தன் சுயாதீனத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்தது என்பார் அவர். களிம்பு செம்போடு இருப்பதுபோல அநாதியே உடனிருந்தது என்போம் நாம்.