இராகு காலம் இல்லாத ஊர்

திசையன்விளையில் ஒரு பலசரக்குக் கடை திறப்பதென்றாலும், கலியாணத்துக்குத் துணி எடுக்கப் புறப்படுவதென்றாலும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது கையிலுள்ள காசையல்ல, பஞ்சாங்கத்தையேயாகும். இராகு காலம் என்பதுதான் என்ன? சூரியன் உதித்தது முதல் மறைவது வரையுள்ள பொழுதை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை இராகு என்னும் பாம்புக்குத் தத்தம் செய்து விடுவதேயல்லவா? அப்படியானால் சூரியனே உதிக்காத ஊரில் இராகு எங்கே குடியிருப்பான் என்று கேட்கின்றோம்.

இது விதண்டாவாதமல்ல. அப்படிப்பட்ட ஊர் இருக்கிறது. எமனுடைய திசை என்று புராணிகர்கள் பயமுறுத்தி வைத்த தெற்கின் கோடியில், அண்டார்டிகா கண்டத்தில், நமது நாட்டின் மைத்ரி, பாரதி என்ற இரண்டு ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. அங்கு மே மாதக் கடைசியில் மறையும் சூரியன் ஏறக்குறைய இரண்டு மாதம் தலை காட்டுவதேயில்லை. கடல் உறைந்து போவதால் கப்பலும் வராது. பூஜ்யத்துக்கு 30 டிகிரிக்கும் கீழே போகும் அந்தக் குளிரில், இருட்டில், ஒரு சிறு கூட்டத்தார் தங்கி வேலை செய்கிறார்கள். 1984ல் 12 பேர் முதன்முதலாகத் தங்கினார்கள். சன்னாநல்லூர்க்காரரான கர்னல் கணேசன் 1987க்கும் 1989க்கும் இடையில் அப்படித் தங்கிய ஒரு குழுவுக்குத் தலைவராயிருந்தார். இவர்களெல்லாம் எந்த இராகு காலத்தைப் பார்த்து வெளியில் கால் வைத்தார்கள்? பனிப்புயலைப் பார்த்தார்கள், காற்றின் வேகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்கிறார்களே, அதன் யோக்கியதையையும் பார்ப்போம். சரியாகத் தென் துருவத்திலேயே அமெரிக்கர்கள் 1957 முதல் குளிர்காலத்தைக் கழித்து வருகிறார்கள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குத்தான்! பெயரிலேயே திசையை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் சர்க்கார் முதலில் கட்டிய நிலையத்துக்குத் தட்சிண கங்கோத்ரி என்று புண்ணியப் பெயர் சூட்டினார்கள். கங்கையின் பெயர் என்பதற்காகப் பனி ஒதுங்கி நிற்கவில்லை. நிலையத்தை மூடிவிட்டது. 1990ல் அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக 1989ல் மைத்ரியைப் பாறை மேல் கட்டினார்கள், அது நிற்கிறது. அதே 1990ல் கூடாரத்திற்குள் சேர்ந்த நச்சு வாயுவால் நம்மவர் நால்வர் மாண்டு போனார்கள். சனி பிடித்ததென்று யாரும் சொல்லவில்லை. காற்றோட்டமில்லாத இடத்தில் புகை சேர்ந்தால் ஆள் சாவான் என்பதே அதற்குக் காரணமாகும்.

அங்கே சமையலுக்கு உதவுவதும் கழுவித் துடைப்பதும் விஞ்ஞானி, டாக்டர் என்ற பேதமின்றி முறை வைத்து நடக்கிறது. இங்கேயோ குப்பை அள்ளுவதற்கென்றே ஒரு ஜாதியைப் பிறப்பித்து வைத்திருக்கிறோம். எதிரே ஒரு விதவை வந்தால் சகுனத் தடை என்று வீட்டுக்குள் திரும்புகிறோம். ஆனால் 2016, 2017ல் 56 வயதான மங்களா மணி என்ற இஸ்ரோ விஞ்ஞானி, 23 பேர் கொண்ட குழுவில் ஒரே பெண்ணாக 403 நாள் பாரதியில் இருந்து காரியத்தை முடித்துத் திரும்பினார். எந்த வேலை கெட்டுப் போயிற்று?

மைத்ரியில் பூமியின் காந்தத்தையும் ஆகாயத்து மின்சாரத்தையும் அளக்கும் அதே ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக்கூடம் திருநெல்வேலிக்கு அருகில் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. அவ்வூர்க் கோயில் சிலைகளைக் காட்டுவதற்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் உபாத்தியாயர்கள், அனுமதி பெற்று அந்தக் கூடத்தையும் காட்டி வரலாகாதா?